லாரியை விட்டிறங்கிய எஞ்சின்

காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ பழைய மர விசைப்படகு ஒன்றின் எஞ்சின் அறைக்குள் குனிந்து இறங்கினால், டீசல் வாடைக்கு நடுவே உட்கார்ந்திருப்பது பல நேரம் லாரி எஞ்சினாகத்தான் இருக்கும். பெயர்த் தகட்டை உப்பு தின்றிருக்கும். ஆனாலும் மெக்கானிக் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார்: "லேலண்டு, முந்நூத்தி எழுபது." தார்ச்சாலையில் ஓடி முடித்த எஞ்சின் கடலில் இன்னோர் ஆயுள் வாழ்வது நம் கரையில் யாருக்கும் அதிசயம் இல்லை. அதனாலேயே அதை யாரும் எழுதி வைப்பதும் இல்லை.

ஒரு 370 அங்கே எப்படி வந்து சேருகிறது என்று பின்தொடர்ந்து போகலாம். இது ஒரு குறிப்பிட்ட படகின் கதையல்ல. பல எஞ்சின்கள் வந்த பாதை.

அதன் பூர்வீகம் இங்கிலாந்தின் லங்காஷயர். அங்குள்ள லேலண்டு ஊரின் பெயரையே தாங்கிய லேலண்டு மோட்டார்ஸ், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 1947இல் 'காமெட்' என்ற லாரியை இறக்கியது. அடுத்த ஆண்டு, 1948 செப்டம்பரில், ரகுநந்தன் சரண் சென்னையில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். முதலில் பூட்டியது ஆஸ்டின் கார்கள். லாரி இல்லாமல் இந்த நாட்டில் தொழில் நிற்காது என்பது சீக்கிரமே புரிந்தது. 1950களின் தொடக்கத்தில் எண்ணூரில் காமெட் லாரிகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள்; 1955இல் லேலண்டும் பங்கு போட, நிறுவனம் அசோக் லேலண்டு ஆயிற்று. அந்த காமெட் வரிசையில் 350க்குப் பின் வந்தது 370, அதற்குப் பின் 400.

370 என்பது குதிரைத்திறன் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, ஆறு சிலிண்டரும் சேர்ந்த கொள்ளளவு, கன அங்குலத்தில். லிட்டரில் ஆறுக்குச் சற்று மேல். திறன் நூறு குதிரையைச் சுற்றித்தான். இன்றைய லாரிகளோடு வைத்துப் பார்த்தால் சாதாரணம். ஆனால் இந்த எஞ்சினின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அதற்கு மின்சாரமே வேண்டாம். டீசலை அளந்து கொடுக்கும் பம்ப், எஞ்சினின் பல்சக்கரத்தோடு கோத்த வெறும் இரும்பு இயந்திரம். பேட்டரி செத்தாலும், ஒயர் எல்லாம் உப்பில் பூத்துப்போனாலும், டீசலும் காற்றும் இருக்கும்வரை ஓடும். நடுக்கடலில் இதைவிடப் பெரிய தகுதி ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

லாரியில் அது வாழ்ந்த வாழ்க்கையை விரைவாகவே கடந்துவிடலாம். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு பட்டறையில் பாடி கட்டி, சிமென்ட், நெல், ஜல்லி என்று கிடைத்ததையெல்லாம் இழுத்தது. நடுவில் சில முறை லைனர், பிஸ்டன் மாற்றி 'ஃபுல் எஞ்சின் வேலை' பார்த்தார்கள். கிராங்க் ஷாஃப்டை ஒவ்வொரு முறை கடையும்போதும் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு குறையும். அதற்கேற்ற தடிமனில் பேரிங் போடுவார்கள். 'கிராங்க் இருபது அடிச்சிருக்கு' என்று மெக்கானிக் சொன்னால் இரண்டு முறை கடைந்தாகிவிட்டது என்று பொருள்.

லாரி சாவதற்கு வழி இரண்டு. ஒன்று மூப்பு: தகுதிச் சான்றுக்கு (எப்.சி.) போக முடியாத அளவு தேய்ந்து, உடைக்கிறவர்களிடம் போய்ச் சேருவது. இன்னொன்று விபத்து. படகுக்காரருக்கு இரண்டாவதுதான் வேண்டும். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் கணக்கு அதுதான். மூப்பில் செத்த லாரியின் எஞ்சினும் மூப்பில் இருக்கும். முன்பக்கம் நொறுங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று எழுதி ஏலம் விட்ட லாரியின் எஞ்சின் போன வாரம்வரை பாரம் இழுத்துக்கொண்டிருந்த எஞ்சின். மோதலில் முதலில் போவது ரேடியேட்டரும் விசிறியும். படகில் அவை இரண்டுக்கும் வேலையே இல்லை.

இனி மறுபக்கம், படகின் சொந்த எஞ்சின் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். இடி விழுந்து போவதில்லை. பெரும்பாலும் தண்ணீரால்தான் போகிறது. அடித்தளத்தில் கடல்நீர் எடுக்கும் துளையை ஒரு பிளாஸ்டிக் பையோ ஒரு கூட்டம் சொறிமீன்களோ அடைத்துக்கொள்ளும். சூட்டுமானி வேலை செய்யாத படகில் அது யாருக்கும் தெரியாது. வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஹெட் வளைந்து, பிஸ்டன் லைனரைக் கடித்து, எஞ்சின் 'ஜாம்' ஆகி நிற்கும். இன்னொரு வகை இன்னும் அமைதியானது. எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரின் குழாய் ஒன்று உள்ளே அரித்துப்போகும், கடல்நீர் கசிந்து எண்ணெயில் கலக்கும், எண்ணெய் வெளுத்துக் குழம்பும். காலையில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால் அன்றே பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் பேரிங், பிறகு கிராங்க்.

மூழ்கிய எஞ்சின் தனிக் கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்த விசைப்படகுகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். உப்புநீரில் முங்கிய டீசல் எஞ்சினைக் காப்பாற்ற முடியும், ஆனால் சில மணி நேரத்துக்குள் நல்ல தண்ணீரால் கழுவி, டீசலையோ எண்ணெயையோ உள்ளே நிறைத்துச் சுற்றிவிட வேண்டும். டீசல் பம்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி சில மைக்ரான்தான். துரு அங்கே கால் வைத்தால் கதை முடிந்தது. உயிரோடு இருக்கிறார்களா என்று மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்த நாள்களில் எஞ்சினை யார் கழுவுவார்கள்?

ஆக, ஒரு கரையில் எஞ்சின் செத்த படகு. இன்னொரு பக்கம், சென்னை புதுப்பேட்டையிலோ லாரி உடைக்கும் வேறொரு ஊரிலோ, வண்டி செத்த எஞ்சின். இரண்டையும் சேர்த்துவைப்பது பணத்தட்டுப்பாடு மட்டும் என்று சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். கடலுக்கென்றே செய்த வெளிநாட்டு எஞ்சினுக்கு ஒரு சீல் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். 370க்கு வேண்டிய சாமான் லாரி நிற்கிற எந்த ஊரிலும் கிடைத்தது. அசோக் லேலண்டே ஏ.எல்.எம். 370, ஏ.எல்.எம். 400, ஏ.எல்.எம். 680 என்று கடலுக்கான வடிவங்களை விற்றதால், லாரி எஞ்சினைக் கடலுக்கு மாற்றத் தேவையான உறுப்புகளும் கைக்கு எட்டின. அந்த எஞ்சினின் வியாதி என்ன, மருந்து என்ன என்று அறிந்த மெக்கானிக்குகள் கரை நெடுக இருந்தார்கள். உலகம் முழுக்க இப்படித்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட் 6-71 எஞ்சின் லாரியிலும் பஸ்ஸிலும் ஓடியது. அதே எஞ்சினின் கடல் வடிவம்தான் போரின்போது ஹிக்கின்ஸ் தரையிறங்கு படகுகளைத் தள்ளியது. இந்தோனேசிய மீன்படகுகளில் மிட்சுபிஷி லாரி எஞ்சின்கள் இன்றும் ஓடுகின்றன.

எஞ்சின் பார்க்கப் போகும் படகுக்காரர் தனியாகப் போவதில்லை, மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போவார். "ஓடுன வண்டிண்ணே, நேத்து வரைக்கும் ஓடுச்சு" என்பார் கடைக்காரர். "எல்லாரும் அதத்தான்யா சொல்றீங்க. ஒரு கம்பியக் குடு" என்று மெக்கானிக் ஃப்ளைவீலின் பல்லில் கம்பியைக் கொடுத்துச் சுற்றிப் பார்ப்பார். ஆறு சிலிண்டரிலும் அழுத்தம் ஒரே மாதிரி கைக்குத் தட்டுப்பட வேண்டும். பிறகு சம்ப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு பேரிங் மூடியையாவது திறந்து கிராங்கின் அளவு பார்ப்பார். முன்பக்கம் அடிவாங்கிய எஞ்சின் என்றால், தாங்கிக் கால்கள் இருக்கும் இடத்தில் பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்பதைத்தான் அவர் அதிக நேரம் தடவிப் பார்ப்பார். வெளியில் பூசிய புதுப் பெயின்டை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை; புதுப் பெயின்ட் அடித்த எஞ்சினைச் சந்தேகப்பட வேண்டும் என்பது தொழிலில் பழைய விதி.

கூடவே ஒரு காகிதம் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, வண்டி அழிந்துபோனாலோ இனி ஓடவே முடியாத நிலைக்குப் போனாலோ உரிமையாளர் 14 நாளுக்குள்ளோ இயன்ற விரைவிலோ பதிவதிகாரியிடம் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். அந்த ரத்தும் கடைக்காரரின் பில்லும் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். திருட்டு லாரியின் எஞ்சின் கடலுக்குள் போனாலும் அதன் எண் பிளாக்கில்தான் இருக்கும்.

வாங்கியாயிற்று. எஞ்சினை அப்படியே தூக்கிப் படகில் வைத்துவிட முடியாது. பட்டறைக்காரர்களின் உண்மையான திறமை இங்கேதான் தொடங்குகிறது.

முதல் சிக்கல் சுமை. சமதளச் சாலையில் ஓடும் லாரி எஞ்சின் பெரும்பாலான நேரம் தன் பலத்தில் ஒரு பகுதியைத்தான் செலவிடுகிறது. இறக்கத்தில் மூச்சு விடுகிறது, டீக்கடையில் நிற்கிறது. இழுவை மடியைப் போட்டுவிட்ட படகில் அந்தச் சலுகை கிடையாது. பாரம் ஏற்றிய லாரி ஏற்காட்டு மலைப்பாதையை மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கு அது அப்படித்தான். அதனால் லாரியில் 2,400 சுற்றுவரை போன எஞ்சினை, படகில் 1,800ஐ ஒட்டியே நிறுத்திவைப்பது புத்திசாலித்தனம். படகைத் தள்ளும் விசிறி (ப்ரொப்பெல்லர்) கேட்கும் சக்தி சுற்றின் மும்மடியில் ஏறுகிறது. சுற்றை முழு அளவிலிருந்து 80 சதவீதத்துக்குக் குறைத்தால் விசிறி கேட்பது ஏறக்குறையப் பாதி சக்தியைத்தான். பத்து சதவீதம் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்கும். வேகத்துக்கு ஆசைப்பட்டு எஞ்சினைச் சாகடித்தவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் தோற்றவர்கள்.

சுற்றைப் பிடித்து வைப்பது கவர்னர். பல லாரிகளின் டீசல் பம்பில் இருக்கும் கவர்னர் ஐடிலையும் உச்ச வேகத்தையும் மட்டும் காவல் காக்கும். நடுவில் உள்ளதை டிரைவரின் கால் பார்த்துக்கொள்ளும். படகில் கால் இல்லை, லீவர்தான். அலையில் பின்பக்கம் தூக்கி விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்தால் ஒரு நொடியில் சுமை முழுதும் மறைந்து எஞ்சின் அலறும். அந்த நொடியில் டீசலைக் குறைக்க எல்லா வேகத்திலும் காவல் காக்கும் கவர்னர் வேண்டும். பம்ப்பைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்கு அனுப்பி மாற்றிவிடுகிறார்கள். சிலர் இதை மிச்சம் பிடிப்பார்கள். அது மிச்சம் அல்ல.

இரண்டாவது, கியர். லாரியின் கியர் பாக்ஸையே வைத்து ஓட்டிப் பார்த்தவர்களும் உண்டு. முன்னும் பின்னும் போகும்தான். ஆனால் லாரியில் சக்கரம் தரும் தள்ளுவிசை அச்சு வழியாக, ஸ்பிரிங் வழியாகச் சட்டத்துக்குப் போகிறது. கியர் பாக்ஸ் முறுக்கை மட்டும் கடத்தினால் போதும். படகில் விசிறி தள்ளுவது ஷாஃப்டை. ஷாஃப்ட் தள்ளுவது அதன் முன்முனையில் உள்ள பேரிங்கை. படகு முன்னேறுவதே அந்த ஒரு பேரிங்கின் மேல் விழும் அழுத்தத்தால்தான். அதற்கென்று வடித்த திரஸ்ட் பேரிங் மரைன் கியர் பாக்ஸுக்குள் இருக்கிறது, லாரி கியருக்குள் இல்லை. கூடவே வேகக் குறைப்பும் வேண்டும்: மூன்றுக்கு ஒன்று என்றால் எஞ்சின் 1,800 சுற்ற, விசிறி 600 சுற்றும். பெரிய விசிறி, மெதுவான சுற்று. இழுவைக்கு அதுதான் சரி. லாரி எஞ்சினின் ஃப்ளைவீல் உறைக்கும் மரைன் கியருக்கும் நடுவில் தடித்த இரும்புத் தகடு ஒன்றை லேத்தில் கடைந்து, துளை போட்டு இணைக்கிறார்கள். அதன் மையம் பிசகினால் என்ன விலை கொடுத்து வாங்கிய கியரும் நிற்காது.

விசிறி எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். பழைய கியரும் புதுக் கியரும் எதிரெதிராகச் சுற்றினால், படகு தண்ணீரில் இறங்கிய அன்று லீவரை முன்னே தள்ளத் தள்ளப் பின்னே போகும். கரையில் நிற்பவர்களுக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு.

மூன்றாவதும் முதன்மையானதும் குளிர்விப்பு. டீசல் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீரோடு வெளியேற வேண்டும். லாரியில் எதிர்க்காற்று அதைச் செய்தது. பலகை மூடிய எஞ்சின் அறையில் காற்று ஏது? கடல்நீரையே பிளாக்குக்குள் விட்டு வெளியேற்றுவது மலிவான வழி; பழைய படகுகளில் நிறையவே உண்டு. இரும்பு ஜாக்கெட் உள்ளுக்குள் அரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கெடுதி. தெரியாத கெடுதி ஒன்று இருக்கிறது. கடல்நீர் சூடேறினால் உப்பும் சுண்ணமும் படியும். அதைத் தவிர்க்க எஞ்சினைக் குளிராகவே ஓட்ட வேண்டியிருக்கும். குளிர்ந்த சிலிண்டரில் டீசலின் கந்தகம் அமிலமாகி லைனரைத் தின்னும். நல்ல வழி இரண்டு. எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரைச் சுற்றவிட்டு, அதை ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்னும் குழாய்க்கூட்டில் கடல்நீரால் ஆற்றுவது ஒன்று. அந்த நல்ல தண்ணீரையே படகின் அடியில் பதித்த குழாய்களுக்குள் அனுப்பி, கடலிலேயே ஆறவைத்துத் திரும்ப எடுப்பது இன்னொன்று. முதல் வழியில் ரப்பர் இறக்கை வைத்த கடல்நீர்ப் பம்ப் ஒன்று தேவை. தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே அந்த இறக்கை கருகிவிடும். நம் கரையோரக் கடலில் மிதக்கும் குப்பையைப் பார்த்தால், இரண்டாவது வழிக்கே என் ஓட்டு.

புகைக்குழாயையும் மறக்கக் கூடாது. லாரியில் வெளிக்காற்றில் தொங்கிய எக்ஸாஸ்ட், படகில் மரச்சுவருக்குப் பக்கத்தில், டீசல் தொட்டிக்கு அருகில் இருக்கிறது. தண்ணீர் உறை போட்ட மேனிஃபோல்டு மாற்றியோ, கனமாக வெப்பத்தடை சுற்றியோதான் அதை அங்கே வைக்கலாம்.

பிறகு சாய்வு. லாரியில் ஏறக்குறைய மட்டமாக இருந்த எஞ்சின், படகில் ஷாஃப்டின் சாய்வுக்கு ஏற்பப் பின்பக்கம் தாழ்ந்து உட்காரும். எண்ணெய் உறிஞ்சும் குழாய் முன்பக்கம் இருக்கும் சம்ப்பாக இருந்தால், அலையில் படகின் முன்பகுதியான அணியம் எழும்பும்போது எண்ணெய் பின்னே ஓடிப் பம்ப் காற்றை உறிஞ்சும். சம்ப்பை வெட்டி மாற்றி, உள்ளே தடுப்புத் தகடு பற்றவைக்க வேண்டும். டிப்ஸ்டிக்கின் பழைய கோடும் இனிப் பொய் சொல்லும். அளந்து ஊற்றிப் புதுக் கோடு கீற வேண்டும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதுதான் இந்த வேலைகளின் பருவம். பழைய எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி, மேல்தளப் பலகையைப் பிரித்து வெளியே எடுப்பார்கள். கியர் பாக்ஸோடு அரை டன்னைத் தாண்டும் கனம். எஞ்சின் உட்காரும் இரண்டு நீளக் கட்டைகளை படகுத் தச்சரான ஓடாவி தட்டிப் பார்த்து, டீசலில் ஊறி இற்றுப்போன பகுதியை அறுத்து மாற்றுவார். லாரியின் தாங்கிக் கால்கள் இங்கே பொருந்தாது. புதிதாக இரும்புக் கால் அடிக்க வேண்டும்.

உட்கார வைத்த பின் கியரின் கப்ளிங்கும் ஷாஃப்டின் கப்ளிங்கும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜை நான்கு பக்கமும் விட்டுப் பார்க்கிறார்கள். ஆறு அங்குலக் கப்ளிங் என்றால் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்குக்கு மேல் வித்தியாசம் கூடாது. கரையில் இதைச் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று கைகழுவும் பட்டறைக்காரரை நம்பாதீர்கள். மரப்படகு தண்ணீரில் இறங்கியதும் அதன் வடிவம் சற்று மாறும், கரையில் நேராக இருந்தது கடலில் கோணும். படகு மிதக்கும்போது மறுபடி அளக்க வேண்டும், தகடு வைத்துச் சரிக்கட்ட வேண்டும்.

சோதனை ஓட்டத்தில் பார்க்க வேண்டியது வேகம் அல்ல, புகை. கறுப்புப் புகை அடங்காமல் வந்து, லீவரை முழுக்கத் தள்ளியும் எஞ்சின் தன் சுற்றை எட்டாவிட்டால் விசிறி பெரிது என்று அர்த்தம். எஞ்சினைத் திட்டிப் பயனில்லை, விசிறியைக் கழற்றிச் சீவ வேண்டும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. அது வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டியது. ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் கிளாண்டிலிருந்து ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வர வேண்டும். சொட்டே இல்லாமல் இறுக்கினால் ஷாஃப்ட் தேயும்.

இந்தப் பாதை இனி எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பது வேறு கேள்வி. பல படகுகள் பெரிய சீன எஞ்சின்களுக்கு மாறின. அதை ஒட்டி மீனவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. தமிழ்நாட்டு விதிகள் விசைப்படகுக்கு 24 மீட்டர் நீளம், 240 குதிரைத்திறன் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. வரம்புக்குள் நிற்க நினைப்பவருக்கு லாரி எஞ்சின் இன்றும் பொருத்தம்தான். ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் சாலையில் இறங்கிய லாரிகளின் எஞ்சின் வேறு இனம். 1,500 பாரைத் தாண்டும் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில், ஒவ்வொன்றையும் கண்காணிக்கும் சென்சார்கள், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கம்ப்யூட்டர். பலவற்றில் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் தொட்டியும் உண்டு. இவற்றில் ஒன்றைக் கழற்றினாலும் கம்ப்யூட்டர் எஞ்சினின் பலத்தை முடக்கிவிடும். அந்த லாரிகள் உடைபட வரும் நாளில் அவற்றின் எஞ்சின்கள் இப்படி எளிதாகப் படகேறப் போவதில்லை. பழைய 370களும் 400களும், எண்பதுகளில் வந்த ஹினோ எஞ்சின்களும் இருக்கும்வரைதான் இந்தத் தொழில்.

லாரி எஞ்சின் வாங்க நினைக்கும் படகுக்காரர்களுக்கு என் யோசனை இதுதான். கையில் பத்து ரூபாய் இருந்தால் நாலை எஞ்சினுக்கு வையுங்கள், ஆறை மரைன் கியருக்கும் குளிர்விப்புக்கும் கவர்னருக்கும் வையுங்கள். மாற்றிய எஞ்சினின் எண்ணையும் குதிரைத்திறனையும் மீன்வளத் துறைப் பதிவில் ஏற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் மே மாதத்துக்குள் முடியுங்கள். ஜூன் 15 அன்று ஊரே கடலுக்குப் போகும்போது உங்களுக்கென்று ஒரு மெக்கானிக்கும் கரையில் இருக்க மாட்டார்.